கண்ணாடிக் கூரைக்கு மேலே ஒரு ரயில் கற்றாழை

1

கற்றாழையைப் பார்க்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். அதுவும் தலைக்குத் தேய்க்கிற சோற்றுக் கற்றாழை இல்லை. ரயில் கற்றாழை. மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால், தண்டவாளத்தை ஒட்டி முழ நீள மடல்களை விரித்து, உடம்பெல்லாம் புழுதியோடு நிற்குமே, அதேதான். ஆடுகூட வாய் வைக்காத அந்தச் செடியைப் பார்க்க, கனடாவின் மேற்கே நான் குடியிருக்கும் ஊரின் தாவரவியல் பூங்காவில் இந்த வசந்தகாலத்தில் கூட்டம் தெருவரைக்கும் நின்றது. கைக்குழந்தைக்காரர்கள், சக்கர நாற்காலியில் வந்தவர்கள், மடக்கு நாற்காலியும் சாப்பாட்டுப் பையுமாகக் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். எல்லாருக்கும் டிக்கெட்.

அவனியாபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் என் நண்பன் பாண்டிக்கு வீடியோ காலில் கூட்டத்தைக் காட்டினேன்.

"என்ன மாப்ள, அம்புட்டுக் கூட்டம்? யாராச்சும் நடிகர் வாராரா?"

"கத்தாழைடா. பூக்கப் போகுதாம்."

 அவன் போனை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் நடந்தான். குப்பைமேட்டை ஒட்டி நான்கைந்து ரயில் கற்றாழைகள் நின்றன. ஒன்றின் மேல் யாரோ ஈரச் சட்டையைக் காயப் போட்டிருந்தார்கள்.

"மாப்ள, இங்க இம்புட்டு கெடக்கு. ஒரு கண்டெயினர் அனுப்பவா? நீ அங்க டிக்கெட்டு கிழி, ஆளுக்குப் பாதி."

நானும் அவனோடு சேர்ந்து சிரித்தேன். அடுத்த இரண்டு மாதத்தில் இந்தச் செடி என்னைப் படுத்தப் போகும் பாடு தெரிந்திருந்தால் அப்படிச் சிரித்திருக்க மாட்டேன்.

ஊரில் அந்தச் செடிக்கு ஒரே ஒரு பயன் உண்டு. மடலை நாராக்கிக் கயிறு திரிக்கிறவர்கள் எப்போதோ போய்விட்டார்கள்; நான் சொல்வது வேறு. அதன் மடலில் பெயர் எழுதலாம். மடலின் நுனி முள்ளை ஒடித்து, அதே முள்ளால் அதே மடலில் கீறினால் முதலில் ஈரப் பச்சையாக எழுத்து தெரியும். நாலு நாளில் வெளுத்துத் தழும்பாகிவிடும். மடல் வளர வளர எழுத்தும் வளரும். ரயிலுக்குக் காத்திருந்தவர்கள், காதலித்தவர்கள், பரீட்சையில் பாஸானவர்கள், பட்டாளத்துக்குப் போனவர்கள் என்று திருமங்கலம் பாதையில் எழுதாத கையே கிடையாது. இதைப் படிக்கிறவர்களில் ஒரு கற்றாழையிலாவது யார் பெயரையாவது எழுதாதவர்கள் இருந்தால் என்னை மன்னியுங்கள். நான் எழுதியிருக்கிறேன். "ஹேமா" என்று ஏழு மடல்களில் எழுதினேன். அந்த ஹேமாதான் இப்போது என் மனைவி.

2

நாங்கள் இங்கே வந்து இறங்கி இந்த ஏப்ரலோடு பன்னிரண்டு வருடம். நான் நகரப் பேருந்துப் பணிமனையில் எலக்ட்ரீஷியன். ஹேமா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கிறாள். அவள் மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். தறி போய் ஜவுளிக் கடைக்கு வந்த குடும்பம். அவர்கள் வீட்டு மொழி எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. என்னைத் திட்டும்போது மட்டும் ஹேமா அதில் திட்டுவாள், எனக்குப் புரியக்கூடாது என்ற நல்லெண்ணத்தில். குரலிலேயே எனக்குப் புரிந்துவிடும்.

எங்கள் மகள் தமயந்தி. பதினாறு வயது. இங்கே பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரை முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லாததால் "டாமி" ஆக்கிவிட்டார்கள். மதுரையில் டாமி என்பது எதற்கு வைக்கிற பெயர் என்று அவளிடம் சொல்லி ஒரு வாரம் பேச்சு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பூங்காவுக்கு நாங்கள் முதன்முதலில் போனது பூ பார்க்க இல்லை. குளிருக்கு ஒதுங்கப் போனோம். வந்த முதல் குளிர்காலம். வெளியே மூச்சு விட்டால் இமை முடியில் பனி ஒட்டியது. மூன்று பேரும் இரண்டு அறை வீட்டில் அடைந்து கிடந்து ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டிருந்தோம். பணிமனையில் ஒருவர்தான் சொன்னார்: "பூங்காவில் கண்ணாடி வீடு இருக்கிறது. குளிர்காலம் முழுக்க உள்ளே வெயில் காலம்தான். போய்ப் பாருங்கள்."

போனோம். இரண்டு கதவுகள். முதல் கதவைத் தாண்டி, இரண்டாவதைத் திறந்ததும் முகத்தில் வெந்நீர் ஆவி போல ஒரு காற்று அடித்தது. ஈர மண் வாசம். உள்ளே வாழை, பாக்கு, செம்பருத்தி. ஹேமா கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். "கொஞ்ச நேரம் யாரும் என்கூடப் பேசாதீங்க" என்றாள். அரை மணி நேரம் அப்படியே இருந்தாள். நான்கு வயது தமயந்தி வாழை இலையிலிருந்து சொட்டும் தண்ணீரை வாயைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள். கூரைக்கு மேலே பனி விழுந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு கண்ணாடிதான். மனிதர்கள் இப்படியும் ஒன்றைக் கட்டி, இத்தனை செடிகளை இத்தனை குளிரிலிருந்து காப்பாற்றி, யார் வேண்டுமானாலும் வந்து உட்காருங்கள் என்று பெஞ்சும் போட்டு வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இன்றைக்கும் அந்த இரண்டாவது கதவைத் திறக்கும்போது அந்த ஆச்சரியம் எனக்குப் போகவில்லை.

அன்றைக்கே பூங்காவின் குடும்ப உறுப்பினர் அட்டை வாங்கினோம். அதற்குப் பிறகு எங்கள் காலண்டர் பூங்காவின் காலண்டர்தான். மே மாதம் டூலிப் பூ ஞாயிறு. கோடையில் புல்வெளியில் பாட்டுக் கச்சேரி. இலையுதிர் காலத்தில் பூசணித் திருவிழா. ஒரு பூசணிக்காயை இரண்டு பேர் பிடித்துத் தராசில் ஏற்றுவார்கள். ஊரில் குடும்பமாக வெளியே போவதென்றால் கோயில், தெப்பக்குளம், பிறகு ஓட்டலில் ரோஸ்ட். இங்கே புளிசாதம் கட்டிக்கொண்டு பூங்கா.

தமயந்தி அங்கேயே வளர்ந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவளுக்குப் பதினைந்து வயதானபோது பூங்காவின் இளம் வழிகாட்டியாகச் சேர்ந்தாள். பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, வருகிற குழுக்களை அழைத்துப் போய்ச் செடிகளைப் பற்றிச் சொல்லும் வேலை. சம்பளம் கிடையாது. ஆனால் இரண்டு பருவம் குறையில்லாமல் முடித்தால், அடுத்த ஆண்டு நாற்றங்காலில் சேர்த்துக்கொள்வார்கள். மண்ணில் கை வைக்கிற வேலை. பிறகு தாவரவியல் படிக்கப் போக அது பெரிய துணை. அவளுக்கு வாழ்க்கையில் வேண்டியது என்று அவள் வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான். இந்தக் கோடையோடு இரண்டாவது பருவம் முடிகிறது.

வழிகாட்டியானதும் என்னிடம் ஒரு நிபந்தனை போட்டாள்.

"அப்பா, என் டூர் இல்லாத நேரமா பாத்து வாங்க."

"ஏம்மா, நான் வந்தா என்ன?"

"நீங்க நடுவுல பேசுவீங்க. எல்லாரும் பாப்பாங்க."

உண்மைதான். இருந்தாலும் வலித்தது. வீட்டுக்குள் என்னோடு அவள் பேசும் தமிழும் வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே வந்தது. "சாப்டேன்", "வாரேன்", "அம்புட்டுதான்". உச்சரிப்பு கனடா, சொல் மட்டும் அவனியாபுரம்.

3

கண்ணாடி வீட்டில் பாலைநில அறை என்று ஒன்று உண்டு. அதன் நடுவில் இந்தக் கற்றாழை முப்பது வருடத்துக்கு மேலாக நின்றது. குழந்தைகளைக் குத்திவிடாமல் இருக்க ஒவ்வொரு மடலின் நுனி முள்ளிலும் ஒரு தக்கையைச் செருகியிருப்பார்கள். கடைசித் தக்கைவரைக்கும் செருகியது ரூத் என்ற அம்மாள். பாலைநில அறைக்குப் பொறுப்பு அவர்தான். குட்டையாக, வெள்ளை முடியோடு, சிரிப்பை அளந்து செலவு செய்கிறவர். வேலைக்குச் சேர்ந்த வருடம் விரல் அளவுக் கன்றாக இதை நட்டவரும் அவரே.

மார்ச் கடைசியில் செடியின் நடுவிலிருந்து ஒரு குருத்து கிளம்பியது. இரண்டு வாரத்தில் என் உயரம். மூன்றாவது வாரத்தில் நான் அண்ணாந்து பார்த்தேன். தொடைத் தடிமனில், செதில் செதிலாக, காலையில் பார்த்ததைவிட மாலையில் கூடுதலாக நின்றது. தினம் காலையில் ஓர் ஊழியர் ஏணியில் ஏறி அளந்து பலகையில் எழுதுவார். குழந்தைகள் நாளைய உயரத்தை ஊகித்துச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். அந்த ஒரு செடியே ஒரு திருவிழா ஆகிவிட்டது. கூரை நெருங்க நெருங்க ஊருக்கே கவலை. குருத்து கண்ணாடியில் முட்டினால் முறிந்துவிடும். கண்ணாடியைக் கழற்றினால் வெளியே இன்னும் பனி.

ரூத் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டார். ஒரு சதுரம் மட்டும். சுற்றிலும் பாலித்தீன் உறை போட்டுக் கீழே சூடு காட்டினார்கள். மே மாத முதல் ஞாயிறு, எதிர்பாராமல் பனி கொட்டியது. நாங்கள் மூவரும் அங்கே இருந்தோம். உறையின் ஓர் ஓரம் விலகி, கற்றாழைக் குருத்தை ஒட்டி ஏழெட்டுப் பனித் துகள்கள் பாலைநிலத்துக்குள் இறங்கி வந்தன. அத்தனை பேரும் அண்ணாந்து நின்றோம்.  அழகர் ஆற்றில் இறங்கும்போது கரையில் நிற்கிற முகங்களை நான் பார்த்திருக்கிறேன். அதே முகங்கள்தான் அன்று அங்கேயும்.  இத்தனை வருடம் தண்டவாளத்து ஓரத்தில் இதை நான் பார்த்தேனா, சும்மா கடந்து போனேனா என்று என் மேலேயே கோபம் வந்தது.

அடுத்த ஞாயிறு நிபந்தனையை மீறினேன். ஹேமாவிடம் சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தமயந்தியின் டூர் நேரத்தில் போய்த் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்றேன். அவள் பேசினாள். வீட்டில் மூன்று சொல்லுக்கு மேல் பேசாத பெண், கையை வீசி, நின்று, கேள்வி கேட்டு, இருபது பேரைக் கட்டிப் போட்டாள். இதன் சொந்த நாடு மெக்சிகோ என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊர்ப் புழுதிக்கே பிறந்தது என்றல்லவா நினைத்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்து வேர் பிடித்தது என்பதை வைத்து உவமை ஒன்று சொல்ல எனக்கும் ஆசைதான். சொல்ல மாட்டேன். புலம்பெயர்ந்தவன் எந்தச் செடியைப் பார்த்தாலும் தன்னையே பார்க்கிறான் என்று பாண்டி ஏற்கனவே கேலி செய்கிறான்.

"இது ஆயுளில் ஒரே ஒரு முறை பூக்கும்" என்றாள் தமயந்தி. "முப்பது வருடம் சேர்த்து வைத்த எல்லாவற்றையும் இந்தக் குருத்துக்கே கொடுத்துவிடும். பூத்து முடிந்ததும் செடி இறந்துவிடும்."

ஒரு பெண்மணி கேட்டார்: "இதை இயற்கையாக வளரும் இடத்தில் நீ பார்த்திருக்கிறாயா?"

"இல்லை. ஆனால் என் அப்பாவின் ஊரில் ரயில் பாதை ஓரம் முழுக்க இருக்குமாம். ஜன்னலிலிருந்து எட்டித் தொட்டுவிடலாமாம். அவர் சொல்லிக்கொண்டே இருப்பார்."

தொப்பிக்குள் என் காது சூடானது. நான் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை என்று பன்னிரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழு அடுத்த அறைக்குப் போனது. நான் அங்கேயே நின்றேன். புதிதாக வந்தவர்கள் எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முழங்கால் உயரத்தில், கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு மடல். நீலம் கலந்த பச்சை, ஒரு கீறல் இல்லாமல். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. பெருமையா, சந்தோஷமா, என்னவென்று சொல்ல? திருமங்கலத்தில் அப்படி நிறைந்தால் கை என்ன செய்யுமோ அதை என் கை செய்தது. முள்ளில் தக்கை இருந்ததால் பணிமனை லாக்கர் சாவியை எடுத்தேன். குனிந்து, ஐந்து எழுத்து. தமயந்தி. அரை நிமிடம்கூட ஆகவில்லை. சாவியைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு, பெரிய காரியம் செய்துவிட்டவன் போல வீட்டுக்கு வந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், தப்பு செய்தோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

4

புதன்கிழமை மாலை தமயந்தி வந்தாள். ஷூவைக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள்.

"அப்பா. அது நீங்கதான?"

"எது?"

"பொய் சொல்லாதீங்க. அந்த 'த'வுக்கு இழுத்து ஒரு வால் போடுவீங்கல்ல. என் நோட்டு அட்டையில எல்லாம் அப்படித்தான் எழுதுவீங்க."

ஹேமா அடுப்பை அணைத்தாள். நடந்ததைச் சொன்னேன். ஹேமா தன் மொழியில் இரண்டு வாக்கியம் சொன்னாள். நீளமான வாக்கியங்கள்.

"சரிம்மா, நான் போய் ஒத்துக்கிறேன்" என்றேன். "என் கைதான எழுதுச்சு. உன்னைய என்ன சொல்லப் போறாங்க?"

அவள் முகம் கோணியது. அழப் போகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"ரூத் அத போட்டோ எடுத்து எங்க எல்லாரையும் கூப்ட்டுக் காமிச்சாங்க. இது என்ன பாஷைன்னு யாருக்காச்சும் தெரியுமான்னு கேட்டாங்க. என்னையப் பாத்துக் கேட்டாங்கப்பா. நான் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது என் பேரு" என்றாள். "என் பேரையே தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹேமா என் எதிரில் உட்கார்ந்தாள்.

"எம் பேர எழுதுனீங்க, கல்யாணத்துல முடிஞ்சுச்சு. அவ பேர எழுதி அவ பொழப்புல கைய வச்சிட்டீங்க."

"நாளைக்கே போய்ச் சொல்லிர்றேன்."

"நீங்க போய்ச் சொன்னா அது என்ன பேருன்னு கேப்பாங்க. சொன்னதும், அவ பொய் சொன்னது தெரிஞ்சிரும்ல. அவுக நாற்றங்கால்ல சேத்துக்குவாங்களா?"

"அப்ப சும்மா இருக்கவா?"

"சும்மா இருந்தா அவ அந்தப் பொய்யோட தெனமும் அந்தம்மா முன்னாடி போய் நிக்கணும்."

அதுதான் சிக்கல். சொன்னாலும் பெண்ணுக்கு அடி, சொல்லாவிட்டாலும் அவளுக்கே அடி. ஊராக இருந்தால், "விடுங்க அண்ணே, கத்தாழைதான" என்று ஒரு டீயோடு போயிருக்கும். மூன்று நாள் யோசித்தேன். வேறு பெயர் சொல்லலாமா, தங்கச்சி பெயர் என்று சொல்லலாமா என்றெல்லாம் யோசித்தேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். சனிக்கிழமை காலை தமயந்தியே பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"கார எடுங்கப்பா. நானும் வாரேன். நானே சொல்லிருவேன்."

5

ரூத்தின் அறைக்குப் போகும் முன்பு அலுவலகத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. இந்த நாட்டில் குற்றத்தை ஒத்துக்கொள்வதற்கும் படிவம் உண்டு. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் கேட்கக் கேட்கச் சொன்னேன். பெயர், முகவரி, உறுப்பினர் அட்டை எண், சேதமான பொருள். "காரணம்" என்ற இடத்தில் மூன்றுதான் இருந்தன: விபத்து, கவனக்குறைவு, வேண்டுமென்றே.

"சந்தோஷத்தில் எழுதிவிட்டேன்" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். "அதற்கு இடம் இல்லையே, சார்."

"எங்கள் ஊர் வழக்கம்" என்று சொல்லிப் பார்க்கலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. ஊரையே கூண்டில் ஏற்றிய மாதிரி ஆகும் என்று விழுங்கிவிட்டேன். "வேண்டுமென்றே" என்று போடச் சொன்னேன்.

ரூத்தின் மேசையில் அந்தப் போட்டோ இருந்தது. என் எழுத்து அதில் இன்னும் பெரிதாக, இன்னும் கேவலமாகத் தெரிந்தது. நான் சொல்ல ஆரம்பிக்கும் முன்பே தமயந்தி பேசினாள்.

"அது தமிழ். என் பெயர் எழுதியிருக்கிறது. என் அப்பா எழுதினார். அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியாது என்று உங்களிடம் பொய் சொன்னேன்."

ரூத் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன் எழுதினீர்கள்?" என்று கேட்டார். கோபக் குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

நான் சொன்னேன். என் உடைந்த ஆங்கிலத்தில் ரயில் பாதையைச் சொன்னேன். மடல் வளர எழுத்தும் வளர்வதைச் சொன்னேன். செடிக்கு வலிக்கும் என்று எங்களில் யாரும் ஒரு நாளும் நினைத்ததில்லை என்பதையும் சொன்னேன். 

"குழந்தைகளைச் செடியிடமிருந்து காப்பாற்ற அத்தனை தக்கை செருகினேன்" என்றார் ரூத். "பெரியவர்களிடமிருந்து செடியைக் காப்பாற்ற யோசிக்கவில்லை." பிறகு தமயந்தியிடம் திரும்பினார். "கீறல் எனக்குப் பெரிதில்லை. எப்படியும் இந்த ஆண்டோடு அது போய்விடும். நீ என் முகத்தைப் பார்த்துத் தெரியாது என்றாயே, அதுதான் கஷ்டமாக இருக்கிறது."

"தெரியும்" என்றாள் தமயந்தி. "அதற்காகத்தான் வந்தேன்."

பத்து நாளில் கடிதம் வந்தது. இலையுதிர் காலம்வரை நான் பூங்காவுக்குள் வரக்கூடாது. தமயந்தி வழிகாட்டியாகத் தொடரலாம். நாற்றங்கால் இடம் அடுத்த ஆண்டு இல்லை. இன்னொரு பருவம் முழுதாக முடித்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம்.

என் சாவியால் அவளுக்கு ஒரு வருடம் போனது. எங்கள் பக்கம் அப்பாக்கள் பிள்ளைகளிடம் மன்னிப்பு கேட்டு நான் பார்த்ததில்லை. என் அப்பா லேத் மெஷினில் என் விரலை நசுக்கியபோதுகூட "பாத்து நிக்க மாட்டியா" என்றுதான் கேட்டார். நான் அவள் அறைக் கதவைத் தட்டினேன்.

"தப்புதாம்மா. முழுசா என் தப்பு."

அவள் கடிதத்தை மடித்து உறையில் போட்டாள்.

"இன்னொரு வருஷம் டூர் போறேன். அம்புட்டுதான்" என்றாள்.

மன்னித்தாளா இல்லையா என்று அந்தக் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம் வீட்டில் கற்றாழை பற்றிய பேச்சே இல்லை.

6

ஜூலையில் அது பூத்தது. ஹேமா அலுவலகத்திலிருந்து போன் செய்தாள், யாரோ பல் பிடுங்க வந்தவர் சொன்னாராம். மாலையில் அவளைக் கொண்டுபோய்ப் பூங்கா வாசலில் இறக்கிவிட்டேன். "நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள். "கார்லயே இருக்கேன்" என்றேன்.

இருக்க முடியவில்லை. இறங்கி நடைபாதையில் பூங்கா வேலியை ஒட்டியே நடந்தேன். கண்ணாடி வீட்டின் பின்பக்கம் வந்ததும் தற்செயலாகத் தலையை நிமிர்த்தினேன்.

கூரைக்கு மேலே இருந்தது அது. கண்ணாடி கழற்றிய சதுரம் வழியாக வெளியே வந்து, இன்னும் இரண்டு ஆள் உயரம் போய், பக்கவாட்டில் கை கையாகப் பிரிந்து, ஒவ்வொரு கையிலும் ஒரு தாம்பாளம் அளவு மஞ்சள் பூக்கொத்து. மேற்கு வெயில் அதன் மேல் விழுந்தது. தேனீக்களின் இரைச்சல் இத்தனை தூரத்துக்குக் கேட்டது. தெருவில் போன பேருந்து நின்றது. நான் ஒயர் மாற்றும் பேருந்துதான். ஓட்டுநர் கண்ணாடி வழியாகக் குனிந்து மேலே பார்த்தார். அண்ணாந்து, வாயைப் பிளந்து, எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உள்ளே வராதே என்று எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். நான் உள்ளே போகவில்லை. அது வெளியே வந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயதில், நடுத்தெருவில், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. முப்பது வருடத்தை ஒரே மூச்சில் செலவழித்துவிட்டு நிற்கிற ஒன்றின் முன்னால் வேறு என்ன செய்ய முடியும்?

வேலிக்கு உள்ளே புல்வெளியில் பேச்சுச் சத்தம் கேட்டது. தமயந்தி தன் குழுவை வெளியே அழைத்து வந்திருந்தாள், பூவைச் சரியாகப் பார்க்க. நான் மறைந்துகொள்ள இடம் தேடினேன். அவளுடைய டூர் நேரம். ஆனால் அது கம்பி வேலி. ஒரு முருங்கைக் குச்சி அளவு மறைவுகூட இல்லை.

அவள் பூவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னும் சில வாரத்தில் மடல்கள் ஒவ்வொன்றாகச் சாயும் என்றாள். ஒரு சிறுமி கையைத் தூக்கினாள்.

"உள்ளே கீழ் மடலில் ஏதோ எழுதியிருக்கிறதே. அது என்ன?"

எனக்கு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. அவளுக்கு வேண்டியதெல்லாம் "தெரியாது" என்ற ஒரு சொல். அல்லது "யாரோ கீறிவிட்டார்கள்". அவள் அப்படிச் சொல்லியிருந்தால் நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன்.

"அது என் பெயர்" என்றாள் தமயந்தி. "தமிழில் எழுதியிருக்கிறது. எழுதியிருக்கக் கூடாது. அந்தத் தப்புக்கு நானும் சேர்ந்து ஒரு வருடம் கொடுத்திருக்கிறேன். ஆனால் எழுதியவருடைய ஊரில், மனசு நிறைந்து போனால் இந்தச் செடியில்தான் எழுதுவார்களாம்."

"யார் எழுதியது?" என்றாள் சிறுமி.

தமயந்தி திரும்பினாள். வந்ததிலிருந்தே அவள் என்னைப் பார்த்துவிட்டாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கையை நீட்டினாள்.

"என் அப்பா. அதோ, வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்."

ஆயுளில் ஒரே ஒரு முறை பூக்கிற பூ தலைக்கு மேலே விரிந்து கிடக்க, அத்தனை பேரும் அதை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.